பழஞ்சுவடியும் புதுமருந்தும்

மனிதன் மருந்தைக் கண்டறிந்த நாள்முதல் நோய்க்கிருமியும் வாளாவிருக்கவில்லை. மருந்தின் வலிமை பெருகுந்தோறும் அதனைத் தாங்கி நிற்கும் ஆற்றலைக் கிருமியும் தேடிக்கொள்ளுகின்றது. நேற்றுவரை நோயைத் தீர்த்த மருந்து இன்று பயன்படாது போகுமாயின் வைத்தியர் செய்யத்தக்கது யாது? ஆய்வுகூடத்திற் புத்தம்புதிய மருந்தொன்றை ஆக்க முயல்வது ஒரு வழி. கையிலுள்ள பழைய மருந்துகளையும், மரஞ்செடிகொடிகளிற் பொதிந்து கிடக்கும் சத்துக்களையும் மீண்டும் எடுத்துச் சோதித்துப் பார்ப்பது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழி எத்துணைப் பயனுடையது என்பதையும், எத்துணை உழைப்பையும் எச்சரிக்கையையும் வேண்டுவது என்பதையும் மலேரியாச் சுரத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மலேரியா என்னும் சொல் இலங்கை மக்களுக்குப் புதியதன்று. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டங்குட்டமாகத் தேங்கின. அக்குட்டங்களில் நுளம்புகள் அளவிறந்து பல்கின. அவ்வாண்டின் ஐப்பசி மாதத்தளவில் தொடங்கிய கொள்ளைச்சுரம் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளிற் பேரழிவை விளைத்தது. 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். அந்நாளில் இத்தீவின் குடிசனத்தொகை 55 இலட்சம் அளவினதே என்பதை எண்ணிப் பார்ப்பின் அவ்விழப்பின் பெருமை விளங்கும். குழந்தைகளே பெருந்தொகையாக இறந்தனர்.

அக்காலத்தில் மக்கள் பெரிதும் நம்பியிருந்த மருந்து குயினைன் ஆகும். கொயினா எனக் கிராமத்தவர் அழைத்ததும் இதனையே. இம்மருந்தின் பிறப்பிடம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரல். அங்கு வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை சுரத்தைத் தணிக்கும் என்னும் அறிவைப் பெரு நாட்டிலிருந்த யேசுசபைக் குருமார் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அப்பட்டையின் சாரத்தைப் பிரித்தெடுத்துக் குயினைன் எனப் பெயரிட்டவர்கள் பெலெற்றியே, கவந்து என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர், ஆண்டு 1820. இலங்கையிலே ஹக்கலைப் பூங்கா 1861ஆம் ஆண்டிற் சிங்கோனாவை வளர்ப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. கோப்பிச் செடிகளைப் பூஞ்சண நோய் அழித்தபின், தேயிலை மலைநாடெங்கும் பரவுமுன், தோட்டத்துரைமார் சிறிது காலம் சிங்கோனாவைப் பெருமளவிற் பயிரிட்டனர். பின்னர் விலை வீழ்ச்சியுற்றமையால் அதனைக் கைவிட்டனர். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவா தீவே உலகுக்கு வேண்டிய குயினைனின் பெரும்பகுதியை விளைவிக்கும் இடமாயிற்று.

இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு, யாவாவை யப்பானியர் கைப்பற்றினர். நேசநாடுகளுக்குக் குயினைன் கிடைக்கும் வழி அடைபட்டது. அமெரிக்கர் 14,000க்கு மேற்பட்ட சேர்வைகளைச் சோதித்தனர். முடிவிற் கைகொடுத்தது முற்றிலும் புதியதொரு பொருளன்று. 1934ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் அந்தர்சாக் என்னும் இரசாயன அறிஞர் ஆக்கி, நச்சுத்தன்மை மிக்கதெனத் தவறாகக் கருதப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த சேர்வையே அது. மீண்டும் சோதித்தபோது அது மலிவானது, தீங்கு குறைந்தது, விரைந்து பயன் தருவது எனத் தெரியவந்தது. குளோரோகுயின் என உலகம் அறிந்த மருந்து இதுவே. பத்தாண்டுக் காலம் அலுமாரியில் உறங்கிய மருந்து பின்னர்க் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது.

குளோரோகுயினும் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லியும் ஒருங்கு சேர்ந்தபோது மலேரியாவை அடியோடு ஒழித்துவிடலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 17 பேர் மாத்திரமே இந்நோய் கண்டவராகப் பதிவாயினர். வெற்றி கைக்கெட்டியது என்று காவல் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளிற் பல இலட்சம் மக்களை நோய் மீண்டும் பற்றிற்று. கண்ணுக்குத் தெரியாத பகை நீங்கிவிட்டது என்று எண்ணுவது எத்துணைப் பிழை என்பதை இத்தீவு அன்றே கற்றுக்கொண்டது.

இதற்கிடையே வேறோர் ஆபத்தும் தலைதூக்கலாயிற்று. 1950களின் இறுதியில் தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளின் எல்லைப்புறத்திலும், 1960ஆம் ஆண்டளவில் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும் குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா தோன்றிற்று. மலேரியாக் கிருமிகளுட் கொடியது பல்சிபாரம் எனப்படும் இனம். அது செங்குருதிக் கலத்தினுட் புகுந்து, ஆங்குள்ள ஈமோகுளோபினை உண்டு வளரும். உண்டதன் கழிவு அக்கிருமிக்கே நஞ்சாதலால், அந்நஞ்சைப் படிகமாக மாற்றித் தன்னைக் காத்துக்கொள்ளும். குளோரோகுயின் அப்படிகமாக்கலைத் தடுத்துக் கிருமியை அதன் நஞ்சினாலேயே கொல்லுகின்றது. ஆயின், பிறப்பியல்பில் நேர்ந்த சிறு மாற்றங்களின் பயனாக, மருந்தைத் தன் உணவறையிலிருந்து வெளியே தள்ளிவிடும் ஆற்றலைச் சில கிருமிகள் பெற்றன. ஏனையவை மடிய, இவை மாத்திரம் எஞ்சிப் பெருகின. களையெடுப்பவன் கைக்குத் தப்பிய களையே வயல் முழுவதும் பரவுவது போன்றது இது. இலங்கையிலும் இத்தகைய கிருமி 1984ஆம் ஆண்டிற் காணப்பட்டது.

வியட்நாமியப் போர் இந்நெருக்கடியை உச்சநிலைக்குக் கொண்டுவந்தது. காடுகளிற் போரிட்ட இரு தரப்புப் படைகளையும் துப்பாக்கியோடு மலேரியாவும் வாட்டிற்று. அமெரிக்க இராணுவத்தின் வால்ட்டர் றீட் ஆராய்ச்சி நிலையம் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட சேர்வைகளைச் சோதித்து மெபுளோகுயின் என்னும் மருந்தைப் பெற்றது. வடவியட்நாமின் வேண்டுகோளை ஏற்ற சீன அரசும் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கிற்று. 1967ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் பெய்ஜிங் நகரில் அதற்கான கூட்டம் நடைபெற்றது. அந்த நாளையே குறியாகக் கொண்டு 523ஆம் திட்டம் என அதற்குப் பெயர் வழங்கினர். 500க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் பல நிறுவனங்களிலிருந்து இதில் ஈடுபட்டனர். யாவும் இரகசியமாகவே நடந்தன. ஒரு பிரிவினர் செயற்கைச் சேர்வைகளை ஆராய, மற்றொரு பிரிவினர் சீனாவின் தொன்மையான வைத்திய மரபை ஆராய்ந்தனர்.

இவ்விரண்டாம் பிரிவில் 1969ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் தூ யூயூ என்னும் அம்மையார். 1930ஆம் ஆண்டு நிங்போ நகரிற் பிறந்த இவர் பெய்ஜிங்கில் மருந்தியல் கற்றவர். நவீன மருந்தியலோடு அமையாது, சீன வைத்தியத்தையும் இரண்டரை ஆண்டுகள் முறையாகப் பயின்றவர். கலாநிதிப் பட்டமோ வெளிநாட்டுப் பயிற்சியோ இவருக்கு இல்லை. பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பிற் கற்றோர் பலர் இழிவுபடுத்தப்பட்ட காலம் அது. அம்மையாரின் கணவர் தொலைவிலுள்ள நாட்டுப்புறத்துக்கு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தார். மூத்த மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டு, இளைய மகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு அம்மையார் ஹைனான் தீவுக்குச் சென்றார். அங்கு மலேரியா மலிந்திருந்தது. நோயின் கொடுமையை நேரிற் கண்ட பின்னர் ஆராய்ச்சி அவருக்கு வெறும் அலுவலாக இருக்கவில்லை.

குழுவினர் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினர். முதிய வைத்தியர்களைக் கண்டு உசாவினர். 2,000க்கு மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டி, அவற்றுள் 640ஐத் தெரிந்து ஒரு குறிப்பேடாகத் தொகுத்தனர். பின்னர் ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகளை வடித்து, மலேரியாக் கிருமி புகுத்தப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எலிகளில் நற்பயன் காட்டிய மிளகுச் சாறு நோயாளரிடத்திற் கிருமியை ஒழிக்கவில்லை. சீனத்திற் பண்டுதொட்டுச் சுரத்துக்கு வழங்கிய சாங்சான் என்னும் மூலிகை கிருமியைக் கொன்றதாயினும் கடுமையான வாந்தியை உண்டாக்கிற்று. சிங்காவ் என்னும் செடியின் சாறு ஒருமுறை கிருமிகளுள் நூற்றுக்கு 68 பங்கை அடக்கியது. அடுத்தடுத்த சோதனைகளிலோ அப்பயன் 40க்கும் 12க்கும் இடையே தாழ்ந்துவிட்டது.

இந்தச் சிங்காவ், மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் சேர்ந்த செடியினத்தைச் சார்ந்தது. இது சுரத்தைத் தீர்க்குமென்று பல நூல்கள் கூறின. அங்ஙனமாயின் ஆய்வுகூடத்தில் அதன் ஆற்றல் நிலையாது போனமைக்குக் காரணம் யாது? தூ யூயூ அம்மையார் பழைய நூல்களை மீண்டும் படிக்கத் தொடங்கினார். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ ஹொங் என்னும் அறிஞர், அவசர காலத்துக்குரிய மருந்து முறைகளைத் தொகுத்து ஒரு கைநூல் எழுதியிருந்தார். அதில் இச்செடியைப் பற்றிய குறிப்பு மிகச் சிறியது. சீன வைத்தியர் பெரும்பாலும் மூலிகைகளைக் கொதிக்கவைத்துக் கசாயமாக்குவர். கோ ஹொங்கோ செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை அருந்துமாறு மாத்திரமே கூறியிருந்தார். காய்ச்சுதல் பற்றிய பேச்சே அதில் இல்லை.

அச்சிறு குறிப்பு அம்மையாரின் சிந்தனையைத் தூண்டிற்று. காய்ச்சும்போது ஏற்படும் வெப்பமே மருந்துச் சத்தைச் சிதைத்துவிடுகின்றதோ என அவர் ஐயுற்றார். நீருக்கும் சாராயத்துக்கும் பதிலாக ஈதரைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் இயல்பினதாகிய ஈதர், கடுஞ்சூடின்றிச் சத்தைக் கரைத்தெடுக்க உதவிற்று. இலையிலேயே சத்து நிறைந்துள்ளது என்பதும், சாற்றிலுள்ள அமிலப் பகுதி நச்சுத்தன்மையுடையது என்பதும், அதனை நீக்கின் எஞ்சும் நடுநிலைப் பகுதியிலேயே மருந்தாற்றல் தங்குகின்றது என்பதும் தெரியவந்தன. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் நாள், 191 என்னும் இலக்கமிட்ட சாறு சோதிக்கப்பட்டது. எலிகளின் குருதியில் ஒரு கிருமிதானும் எஞ்சவில்லை. பின்னர்க் குரங்குகளுக்குக் கொடுத்தபோதும் முடிவு அதுவேயாயிற்று.

எலியும் குரங்கும் குணமடைந்தமையால் மனிதருக்கு அது தீங்கற்றது என்று கொள்ளலாகாது. சில விலங்குகளில் தீய விளைவுகள் தோன்றியதாக ஓர் ஐயமும் எழுந்தது. சோதனை நீடிப்பின், நோய் பரவும் பருவம் கழிந்து மேலும் ஓர் ஆண்டு வீணாகும். ஆகவே 1972ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தூ யூயூ அம்மையாரும் அவர்தம் உடனுழைப்பாளர் இருவரும் வைத்தியசாலையிற் சேர்ந்து அச்சாற்றைத் தாமே உட்கொண்டனர். தீங்கொன்றும் நேரவில்லை. அதன்பின்னரே ஹைனானிலும் பெய்ஜிங்கிலுமாக 21 நோயாளருக்கு அது கொடுக்கப்பட்டது. சுரம் தணிந்தது, குருதியிற் கிருமிகள் மறைந்தன.

இப்பணி வசதி மிக்க ஆய்வுகூடத்தில் நடந்தது என எண்ணுதல் தவறு. அரசியற் கொந்தளிப்பினால் மருந்துத் தொழிற்சாலைகள் பல இயங்கவில்லை. எனவே வீடுகளில் நீர் நிரப்பும் பெருந்தாழிகளிலே ஈதரை ஊற்றி இலைகளை ஊறவைத்தனர். காற்றோட்டம் போதாத அவ்விடத்தில் ஈதர் ஆவியைச் சுவாசித்துப் பலர் நோயுற்றனர். அம்மையாரையும் ஈரல் நோய் பற்றிற்று. 1972ஆம் ஆண்டின் இறுதியில் அச்சாற்றிலிருந்து தூய மருந்துச் சத்து படிகமாகப் பிரிக்கப்பட்டது. ஆட்டிமிசினின் என உலகம் இன்று அழைப்பது அதனையே. அடுத்த ஆண்டு அதனை மாத்திரையாகக் கொடுத்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மருந்து பொய்த்ததோ என மயங்காது காரணத்தை ஆராய்ந்தனர். மாத்திரை வயிற்றிற் கரையாத அளவுக்கு இறுகியிருந்தமை புலப்பட்டது. அதே மருந்தைக் கூட்டில் அடைத்துக் கொடுத்தபோது நோய் தீர்ந்தது.

தனியொருவர் பணியன்று இது என்பதையும் கூறுதல் வேண்டும். யுன்னான், சாந்துங் மாகாணங்களிலிருந்த குழுவினரும் இச்சத்தைப் பிரித்தெடுத்தனர். சிங்காவ் என்னும் பெயரால் வழங்கிய செடிகளுள் ஆட்டிமிசியா அனுவா என்னும் ஓரினத்திலேயே சத்து மிகுதியாக உள்ளது என்பது தெளிவாயிற்று. கன்டன் நகர வைத்தியர் லீ குவோசியாவோ மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவிலும் இம்மருந்து உயிர்காக்கும் எனக் காட்டினார். சாங்காய் நகரத்து ஆராய்ச்சியாளர் துணையோடு இதன் மூலக்கூற்று அமைப்பு அறியப்பட்டது. காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றாலாய அம்மூலக்கூற்றில் ஈரொட்சிசன் அணுக்கள் பிணைந்த பாலமொன்று உண்டு. கிருமி ஈமோகுளோபினை உண்ணும்போது வெளிப்படும் இரும்பு அப்பாலத்தை உடைக்கின்றது. உடைந்த மூலக்கூறு கிருமியின் புரதங்களைத் தாக்கி அழிக்கின்றது. 1977ஆம் ஆண்டில் இவ்வமைப்பு முதன்முதலாக அச்சில் வெளிவந்தபோது எவருடைய தனிப்பெயரும் அதிற் காணப்படவில்லை. குழுவின் பெயரே இருந்தது. தூ யூயூ அம்மையாருக்கு நோபெல் பரிசு கிடைத்தது 2015ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 84.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு பிழையான முடிவுக்கு வருதல் எளிது. பண்டையோர் யாவும் அறிந்திருந்தனர், பழைய ஏட்டைப் புரட்டினாற் போதும், மருந்து கிடைத்துவிடும் என்பதே அம்முடிவு. உண்மை அதுவன்று. தேர்ந்தெடுத்துச் சோதித்த ஏறத்தாழ 200 மூலிகைகளுள் உலகம் ஏற்கும் மருந்தாக வந்தது ஒன்றே. ஏனையவும் பழைய நூல்களிற் போற்றப்பட்டவையே. பழைய நூல் தந்தது ஒரு குறிப்பு. அக்குறிப்பை மருந்தாக்கியது, எது பயன் தரும் எது தராது என நடுநிலையோடு பிரித்தறிந்த சோதனை. அதேபோல, பழையதென்னும் ஒரு காரணத்தால் அந்நூலைத் தள்ளியிருப்பின் அக்குறிப்பே கிடைத்திராது. இன்றும் சிலர் இச்செடியின் இலையைத் தேநீராக்கி அருந்தின் மலேரியா வராது என்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் அதனை ஏற்கவில்லை. இலையில் உள்ள சத்தின் அளவு செடிக்குச் செடி வேறுபடும். குறைந்த அளவு மருந்து நோயைத் தீர்க்காது. கிருமியைப் பழக்கப்படுத்துவதற்கே துணையாகும்.

அந்தப் பழக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதே கவலைக்குரியது. ஆட்டிமிசினின் விரைவாகக் கிருமியைக் கொல்லும்; ஆயின் சில மணி நேரத்திற் குருதியைவிட்டு நீங்கிவிடும். எஞ்சிய கிருமிகளை அழிக்க நெடுநேரம் தங்கும் வேறொரு மருந்து துணையாதல் வேண்டும். இக்காரணம் பற்றியே இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. 2006ஆம் ஆண்டில், வாய்வழி மருந்தாக ஆட்டிமிசினினைத் தனித்து விற்பதை நிறுத்துமாறும் கேட்டுக்கொண்டது. எனினும் கம்போடியாவின் மேற்கெல்லையில் இம்மருந்துக்கு மெல்லவே அடங்கும் கிருமிகள் 2008, 2009ஆம் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டன. குளோரோகுயினை முதலில் வென்ற கிருமிகள் தோன்றிய அதே நிலப்பகுதி அது. பின்னர் ஆபிரிக்காவின் றுவாண்டாவிலும் உகண்டாவிலும் இத்தகைய கிருமிகள் காணப்பட்டன. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள் மலேரியாவால் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள். ஆகவே இம்மருந்தும் கைநழுவிப் போகுமாயின் விளைவது என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சியாளர் மீண்டும் பழைய அலுமாரிகளைத் திறக்கின்றனர். இரு மருந்துகளோடு, முன்னரே வழக்கிலிருந்த அமோடியாகுயின் போன்ற மூன்றாம் மருந்தொன்றையும் சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவுகள் 2020ஆம் ஆண்டில் வெளிவந்து நம்பிக்கை ஊட்டின. நீலச் சாயமாகிய மெதிலீன் நீலத்தை 1891ஆம் ஆண்டில் பேர்லின் நகரிற் போல் ஏர்லிக் என்பார் மலேரியா நோயாளர் இருவருக்குக் கொடுத்துக் குணங்கண்டார். பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அச்சாயத்தை ஆட்டிமிசினினோடு சேர்த்து மாலி, புர்க்கினா பாசோ நாடுகளில் அண்மைக் காலத்திற் சோதித்துள்ளனர். நோயாளரிடமிருந்து நுளம்புக்குக் கிருமி செல்லும் வழியை அது விரைந்து அடைப்பதாகத் தெரிகின்றது.

இலங்கை மண்ணிலே தொற்றிய மலேரியா 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தோடு நின்றது. 2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மலேரியா நீங்கிய நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 80,000 உயிர்களைப் பறிகொடுத்த தீவுக்கு இது பெருமை தரும் செய்தியே. ஆயினும் நுளம்பு இன்னும் இங்கேயே இருக்கின்றது. பிறநாடு சென்று மீள்வோர் சிலரின் குருதியிற் கிருமியும் வந்து சேர்கின்றது. 1963ஆம் ஆண்டின் 17 நோயாளரையும் அதன்பின் நேர்ந்ததையும் மறவாத நாடு, சுரத்தோடு வருபவர் எங்கிருந்து வந்தார் என வினவவும், குருதியைச் சோதிக்கவும், கொடுத்த மருந்தை முழுமையாக உட்கொள்ளச் செய்யவும் தவறலாகாது. ஒரு மருந்தைத் தேடிப் பெறுவதற்குப் பலர் தம் உடல்நலத்தையும் ஈடாக வைத்தனர். அதனை வீணாக்காது காக்கும் கடமை அதனால் உயிர் பெறும் அனைவருக்கும் உரியது.